விளையாட்டுப் பெட்டியில் ஞானப்பாட்டு!

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி. அதற்குள் நான்கு சிறிய பாட்டரிகள். மங்கலான பச்சை நிறத்தில் ஒரு சின்னத் திரை. பொத்தானை அமுக்கினால் "பிப்... பிப்..." என்று ஒரு சத்தம்.

இது குழந்தைகளுக்காக ஜப்பானில் செய்யப்பட்ட விளையாட்டுச் சாமான். 1989-ம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் "கேம் பாய்". ரெயிலில் போகும்போதும், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகும் பையன்கள் பொழுதுபோக்குவதற்காகச் செய்தார்கள்.

ஆனால், இந்தப் பொம்மையில் பாட்டுக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்! அமெரிக்காவில் இருக்கிறார்கள், ஐரோப்பாவில் இருக்கிறார்கள், ஜப்பானில் இருக்கிறார்கள். பெரும்பாலோர் வாலிபர்கள். அவர்களில் சிலர், தவறாமல் தேவாலயத்துக்குப் போகிற கிறிஸ்தவ இளைஞர்கள். நாலு தெரு, ஒரு கடைவீதி, இரண்டு மூன்று தேவாலயம் என்று இருக்கும் சிறிய ஊர்க்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாடகர் குழுவில் நின்று பாடுவார்கள். இரவில், வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து அதே பாட்டை விளையாட்டுப் பெட்டியில் ஏற்றுவார்கள்.

இந்தச் சங்கீதத்துக்குச் "சிப் டியூன்" என்று பெயர். "சிப்" என்றால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சில்லு. "டியூன்" என்றால் மெட்டு. சில்லு மெட்டு!

"இதுவும் ஒரு சங்கீதமா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். "பொம்மைச் சத்தத்தைக் கடவுள் சந்நிதிக்குக் கொண்டு வரலாமா?" என்றும் கேட்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்விதான். வாலிபன் மனம் நோகுமே என்று கேட்காமல் இருக்க வேண்டியதில்லை. ஆனால், பதிலையும் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

சத்தம் பிறக்கும் விதம்

வீணையில் தந்தி அதிர்கிறது. புல்லாங்குழலில் காற்று அதிர்கிறது. சில்லில் அதிர்வது எது? மின்சாரம்!

வீட்டில் விளக்கு சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு வினாடிக்கு 440 தடவை செய்ய முடிந்தால் எப்படி இருக்கும்? கையால் முடியாது. சில்லால் முடியும். அப்படிப் போட்டு அணைக்கும் மின்சாரத்தை ஒலிபெருக்கியில் விட்டால், மேல்நாட்டு வாத்தியக்காரர்கள் சுருதி சேர்க்கும் அந்தச் சுரம் கணீரென்று கேட்கும். வேகத்தைக் கூட்டினால் சுரம் மேலே போகும். குறைத்தால் கீழே இறங்கும். அவ்வளவுதான் ரகசியம்.

1982-ம் ஆண்டில் அமெரிக்காவில் "கமடோர் 64" என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குள் சத்தம் எழுப்புவதற்கென்றே ஒரு தனிச் சில்லு இருந்தது. பெயர் "சிட்". ராபர்ட் யானஸ் என்ற பொறியாளர் அதை அமைத்தார். அதற்கு மூன்றே மூன்று குரல்கள்.

அடுத்த ஆண்டு ஜப்பானில் "பாமிகாம்" என்ற விளையாட்டுப் பெட்டி வந்தது. அதற்கு ஐந்து குரல்கள். அதில்தான் 1985-ம் ஆண்டு கோஜி கோண்டோ என்ற இளைஞர், "சூப்பர் மாரியோ" விளையாட்டுக்கு மெட்டு அமைத்தார். அந்த மெட்டை, 2023-ம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காலமெல்லாம் காப்பாற்ற வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. விளையாட்டுச் சங்கீதம் ஒன்று அந்தப் பட்டியலில் ஏறியது அதுவே முதல் தடவை!

கேம் பாய்க்கு நான்கு குரல்கள். இரண்டு குரல்கள் மெட்டுக்கு. ஒரு குரல், நாம் விரும்பிய வடிவத்தில் நாதம் எழுப்புவதற்கு. நான்காவது குரல் வெறும் இரைச்சல். மழை "சோ" என்று பெய்வது போன்ற சத்தம். அந்த இரைச்சலைத் துண்டு துண்டாக வெட்டி, தாளம் ஆக்கிக்கொள்கிறார்கள்.

நம் ஊர் நாதஸ்வரக் கோஷ்டியில் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஓர் ஒத்து, ஒரு ஜாலரா என்று ஆறு பேர் இருப்பார்கள். கேம் பாய் கோஷ்டியில் நான்கே பேர். அதிலும் ஒருவருக்கு இரைச்சலைத் தவிர வேறொன்றும் தெரியாது!

காதை ஏமாற்றும் வித்தை

மேல்நாட்டுச் சங்கீதத்தில் பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்க வேண்டும். தேவாலயப் பாட்டுகளுக்கே நான்கு குரல் வேண்டும். மேலே பெண்கள் இரண்டு விதமாகப் பாடுவார்கள். கீழே ஆண்கள் இரண்டு விதமாகப் பாடுவார்கள். மூன்று குரல் உள்ள சில்லு என்ன செய்யும்? தாளத்துக்கு ஒன்று, அடிச் சுருதிக்கு ஒன்று போனால், மிச்சம் ஒன்றுதானே?

அந்த ஒரு குரலை வைத்துக்கொண்டு ஒரு வித்தை செய்கிறார்கள். மூன்று சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக, மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி ஒலிக்கவிடுகிறார்கள். ஒரு வினாடிக்குள் ஐம்பது, அறுபது தடவை மாறுகிறது. காதுக்குப் பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. மூன்றும் சேர்ந்து ஒலிப்பதாக அது நினைத்துக்கொள்கிறது. கொள்ளிக்கட்டையைச் சுழற்றினால் நெருப்பு வளையம் தெரிகிறது அல்லவா? அதே கதைதான்.

சில்லு மெட்டுக்கே உரிய "டுருரு... டுருரு..." என்ற நீர்க்குமிழிச் சத்தம் இதனால் வந்தது. இல்லாமையில் பிறந்த அழகு!

பாட்டை எழுதுவதும் எளிதல்ல. 1998-ம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த ஆலிவர் விட்சாவ் என்பவர், கேம் பாயில் பாட்டு அமைக்க "நானோலூப்" என்ற கருவியை உண்டாக்கினார். அதன் பிறகு சுவீடனைச் சேர்ந்த யோஹான் கோட்லின்ஸ்கி, "லிட்டில் சவுண்ட் டிஜே" என்ற இன்னொரு கருவியைச் செய்தார். இவை விளையாட்டுப் பெட்டியின் பின்னால் செருகும் அட்டைக்குள் இருக்கும் கட்டளைத் தொகுப்புகள்.

பியானோவைப் போல் கட்டைகள் கிடையாது. பெட்டியில் இருப்பது சிலுவை வடிவத்தில் ஒரு திசைப் பொத்தானும், வேறு நான்கு பொத்தான்களுமே. திரையில் பதினாறு வரிகள் தெரியும். ஒவ்வொரு வரியிலும் ஒரு சுரத்தின் பெயர், பக்கத்தில் எண்கள், அதற்கும் பக்கத்தில் கட்டளைகள். பதினாறு வரி முடிந்தால் அடுத்த பதினாறு. கடைக்காரர் பேரேட்டில் வரவு செலவு எழுதுவது போல, மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே போக வேண்டும். நான்கு குரலுக்கும் தனித்தனிப் பேரேடு. மூன்று நிமிஷப் பாட்டுக்குப் பல இரவுகள் பிடிக்கும்.

இப்படி உட்கார்ந்து எழுதுகிற பையனைப் பார்த்து, "விளையாடிப் பொழுதைப் போக்குகிறான்" என்று சொன்னால் அது நியாயம் ஆகாது.

பதினெட்டு வயது ஆர்கன்காரர்

பெரியவர்களின் கேள்விக்கு வருவோம். பொம்மைச் சத்தம் தேவாலயத்துக்கு ஏற்றதா?

இதைப் போன்ற வழக்கு, முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பும் நடந்திருக்கிறது. நடந்த இடம் ஜெர்மனியில் ஆர்ன்ஸ்டாட் என்ற சிறிய ஊர். 1703-ம் ஆண்டு. அங்கே தேவாலயத்தில் புதிதாக ஓர் ஆர்கன் வாத்தியம் அமைத்தார்கள். அதைப் பரிசோதித்துப் பார்க்க ஒரு வாலிபரை அழைத்தார்கள். அவருக்கு வயது 18. வாசித்துக் காட்டினார். அவரையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள்.

அந்த வாலிபரின் பெயர் ஜோஹான் செபாஸ்டியன் பாக்!

பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற சங்கீத மேதை. ஆனால், அப்போது அது யாருக்கும் தெரியாது. ஊராருக்கு அவர் ஒரு துடுக்கான பையன். அவ்வளவுதான்.

1705-ம் ஆண்டின் இறுதியில், பாக் நான்கு வாரம் லீவு கேட்டார். லூபெக் நகரில் பக்ஸ்டஹூட என்ற பெரிய வித்வான் ஆர்கன் வாசிக்கிறார்; அதைக் கேட்க வேண்டும் என்றார். கொடுத்தார்கள். ஏறக்குறைய 400 கிலோ மீட்டர் தூரம். கால்நடையாகவே போனார். போனவர் நான்கு வாரத்தில் வரவில்லை. நான்கு மாதம் ஆயிற்று!

திரும்பி வந்தவரை, 1706-ம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் சபை நிர்வாகிகள் கூப்பிட்டு விசாரித்தார்கள். லீவு விஷயத்தோடு நிற்கவில்லை. "பாட்டுகளுக்கு நடுவே விசித்திரமான மாற்றங்களைச் செய்கிறீர். பொருந்தாத சுரங்களைக் கலக்கிறீர். சபையார் குழம்பிப் போகிறார்கள்" என்பது குற்றச்சாட்டு. அதிக நேரம் வாசிக்கிறார் என்று முன்பே ஒரு புகார் இருந்தது. அதைச் சொன்னதும், வேண்டுமென்றே மிகக் குறைவாக வாசித்துவிட்டு நிறுத்தினாராம்! இருபது வயதுப் பிள்ளைகள் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

1707-ம் ஆண்டில் பாக் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார். எந்தத் தேவாலயத்தில் அவரை விசாரித்தார்களோ, அந்தத் தேவாலயத்துக்கு 1935-ம் ஆண்டு முதல் அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, "பெரியவர்கள் செய்தது தப்பு, வாலிபர் செய்ததே சரி" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சபையார் குழம்பினார்கள் என்பது பொய்யல்ல. பாட வந்தவர்கள் அவர்கள். அவர்களில் சங்கீதம் படித்தவர்கள் எத்தனை பேர்? மெட்டு எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் அவர்கள் எப்படிப் பாடுவார்கள்? சபைப் பாட்டு, வித்வானின் கச்சேரி அல்ல. பாட்டியும் பேரனும் சேர்ந்து பாட வேண்டியது. இந்த ஒரு விஷயத்தில் ஆர்ன்ஸ்டாட் பெரியவர்கள் பக்கம் நியாயம் உண்டு. சில்லு மெட்டுக்கார வாலிபரும் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

ஆனால், அவர்கள் கேட்டது "எப்படி வாசிக்கிறாய்?" என்ற கேள்வி. "எந்தக் கருவியில் வாசிக்கிறாய்?" என்று கேட்கவில்லை. கருவி, ஆர்கன்தான்.

ஆர்கனுக்கு வந்த சோதனை

அந்த ஆர்கனுக்கும் ஒரு காலத்தில் இடம் மறுத்தார்கள் என்றால் நம்புவீர்களா?

சுவிட்சர்லாந்தில் ஜூரிச் நகரம். அங்கே சமயச் சீர்திருத்தம் நடந்தபோது, ஆராதனைக்கு வாத்தியமே ஆகாது என்று முடிவு செய்தார்கள். 1527-ம் ஆண்டில், பெரிய தேவாலயத்தில் இருந்த ஆர்கனை அப்புறப்படுத்திவிட்டார்கள். மறுபடியும் அங்கே ஆர்கன் ஒலிக்க முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று! இத்தனைக்கும், அந்தச் சீர்திருத்தத்தை நடத்திய ஸ்விங்ளி பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்தவர். சங்கீதம் தெரியாமல் செய்த காரியம் அல்ல. கேட்கிற மனம் சங்கீத ருசியிலேயே நின்றுவிடும் என்ற பயம்.

இப்போதோ, ஆர்கன் என்றாலே தேவாலயம்தான் நினைவுக்கு வருகிறது.

ஆர்கனும் ஒரு யந்திரம்தான். கட்டையை அமுக்கினால் குழாய் திறக்கிறது, காற்று பாய்கிறது, சத்தம் வருகிறது. விரலை எடுத்தால் சத்தம் நிற்கிறது. மெதுவாக அமுக்கினாலும், ஓங்கி அமுக்கினாலும் குழாய் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். உண்டு, அல்லது இல்லை. கேம் பாய் சில்லும் அப்படியே. உண்டு, அல்லது இல்லை! "யந்திரச் சத்தத்துக்கு உயிர் இல்லை" என்று சில்லைத் தள்ளினால், அதே வாயால் ஆர்கனையும் தள்ள வேண்டி வரும்.

குறைந்த குரலில் நிறையச் சொல்வதும் புதிது அல்ல. 1720-ம் ஆண்டில் பாக் தம் கையாலேயே எழுதி வைத்த ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒற்றை வயலினுக்கு ஆறு உருப்படிகள். துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லை. ஆனால், ஒரே வில் தந்திக்குத் தந்தி தாவிக்கொண்டு போகும்போது, இரண்டு மூன்று பேர் வாசிப்பது போல் கேட்கிறது. சில்லு மெட்டுக்காரர்கள் செய்கிற வித்தைக்கு இது மூத்த அண்ணன்.

இன்னொரு வேடிக்கை. 1989-ம் ஆண்டில் கேம் பாயுடன் "டெட்ரிஸ்" என்ற விளையாட்டு வந்தது. மேலிருந்து விழும் கட்டங்களை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். மூன்றரைக் கோடிப் பிரதிகள் விற்ற விளையாட்டு. அதை விளையாடும்போது கேட்பதற்கு மூன்று மெட்டுகள் வைத்தார்கள். ஹிரோகாஸு தனாகா என்ற ஜப்பானியர் அவற்றை அமைத்துக் கொடுத்தார். ஒன்று ரஷிய நாட்டுப் பாடல். மூன்றாவது மெட்டு யாருடையது தெரியுமா? பாக் எழுதிய ஒரு நடன உருப்படி!

தேவாலய ஆர்கன்காரரின் சங்கீதம், கேம் பாய் பிறந்த அந்த ஆண்டிலேயே அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

நிலவறையிலிருந்து...

சின்ன ஊரில் இருந்துகொண்டு, சின்னக் கருவியை வைத்துக்கொண்டு என்ன சாதிக்க முடியும் என்று கேட்பவர்களும் உண்டு.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ஒவாடானா என்று ஓர் ஊர். சுமார் 25 ஆயிரம் ஜனங்கள் வசிக்கும் சிறிய ஊர். அங்கே ஆடம் யங் என்ற வாலிபர் வளர்ந்தார். 1986-ம் ஆண்டில் பிறந்தவர். பகலில், குளிர்பானக் கிடங்கில் வேலை. இரவில் தூக்கம் வராது. அந்த நேரத்தில் பெற்றோர் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் பாட்டுகள் அமைத்தார். "அவுல் சிட்டி", அதாவது "ஆந்தை நகரம்" என்று தம் சங்கீதத்துக்குப் பெயர் வைத்தார். தூக்கம் வராதவருக்குப் பொருத்தமான பெயர்!

அவருடையது சுத்தமான சில்லு மெட்டு என்று சொல்ல முடியாது. குரலும் வேறு மின் வாத்தியங்களும் கலந்தது. ஆனாலும் கூடப்பிறந்தது மாதிரி. 2009-ம் ஆண்டில் "பயர்பிளைஸ்" என்ற பாட்டு வெளிவந்தது. மின்மினிப் பூச்சிகளைப் பற்றிய பாட்டு. அந்த ஆண்டு நவம்பரில் அது அமெரிக்காவின் பாட்டு வரிசையில் முதல் இடத்தைப் பிடித்தது. அப்போது அவருக்கு வயது 23.

தாம் கிறிஸ்தவர் என்பதை அவர் ஒளிக்கவில்லை. புகழின் உச்சியில் இருந்தபோது, 2010-ம் ஆண்டில் "இன் கிரைஸ்ட் அலோன்" என்ற ஞானப்பாட்டைத் தம் பாணியில் பாடி வெளியிட்டார். 2012-ல், விளையாட்டுப் பெட்டிக்குள் வாழும் கதாபாத்திரங்களைப் பற்றிய "ரெக்-இட் ரால்ப்" என்ற படத்திலும் அவருடைய பாட்டு வந்தது.

எல்லா வாலிபருக்கும் இந்த அதிர்ஷ்டம் அடிக்காது. நூறு பேர் நிலவறையில் உட்கார்ந்தால், தொண்ணூற்றொன்பது பேரின் பாட்டு அந்த வீட்டைத் தாண்டிப் போவதில்லை. "பிள்ளை பிழைப்பைக் கவனிக்காமல் போய்விடுவானோ?" என்று தாய் தகப்பன் கவலைப்படுவது இயற்கை. கவலைப்படட்டும். ஆடம் யங்குக்கும் பகலில் கிடங்கு வேலை இருந்தது என்பதை மகனுக்குச் சொல்லட்டும். ஆனால், பெட்டியைப் பிடுங்கி வைப்பது கவலைக்கு மருந்து அல்ல.

இரண்டு பக்கமும் இறங்கி வரலாம்

சபைப் பெரியவர்கள் செய்யக் கூடியது ஒன்று உண்டு. ஞாயிறு காலை ஆராதனையில் இதற்கு இடம் கொடுக்க மனம் வரவில்லையா? வேண்டாம். மாலையில் வாலிபர் கூட்டம் நடக்கிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் பிள்ளைகளின் நாடகம் நடக்கிறது. அங்கே ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லலாம். செலவு ஒன்றும் இல்லை. ஓர் ஒலிபெருக்கியும், அதற்கு ஒரு கம்பியும் போதும். ஆர்கன் வாசிக்க ஆள் கிடைக்காத சிறிய சபைகளில், சங்கீதம் தெரிந்த ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தி வைப்பது யாருக்கு லாபம்?

வாலிபரும் இறங்கி வர வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த பழைய பாட்டை முதலில் எடுத்துக்கொள்ளட்டும். மெட்டை ஒரு குரலில் தெளிவாக வைக்கட்டும். வித்தையெல்லாம் மற்ற மூன்று குரல்களில் இருக்கட்டும். வேகத்தைக் குறைக்கட்டும். வயதானவர்கள் மூச்சு வாங்கிக்கொள்ள, ஒவ்வோர் அடியின் முடிவிலும் கொஞ்சம் நிறுத்தட்டும். கேம் பாய் மூச்சு விடாது, பாடுகிறவர்கள் விடுவார்கள். சுருதியையும் கவனிக்க வேண்டும். உச்சத்தில் வைத்தால் பாதிப்பேர் வாயை மூடிக்கொள்வார்கள்.

தாய்மார்களும் ஒரு காரியம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இந்தப் பெட்டியில் செருகும் அட்டைகள் பலவற்றில், பொத்தான் அளவுக்கு ஒரு சின்னப் பாட்டரி உண்டு. எழுதிய பாட்டுகள் அதன் தயவில்தான் நிற்கின்றன. சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிட்டால், உள்ளே இருக்கும் பாட்டுகள் எல்லாம் ஒரே நொடியில் மறைந்து போகும். திரும்ப எடுக்க வழி இல்லை. ஆகவே, மகன் இரவெல்லாம் விழித்து எழுதிய பாட்டைக் கம்ப்யூட்டரில் இன்னொரு பிரதி எடுத்து வைத்தானா என்று அடுத்த தடவை சாப்பாடு போடும்போது கேட்டுப் பாருங்கள். வீட்டைச் சுத்தம் செய்யும்போது, பழைய விளையாட்டுச் சாமான்தானே என்று அந்த அட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.